கடைக்கு இருந்த இன்னொரு சன்னல்

(திருத்தணியில் இளைஞர்களின் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'நம் வட்டாரத்தின் பாரம்பரிய வீடுகளும் கடைகளும்'. இதில் 'நம்' என்ற சொல்லைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் வீட்டைப் பார்த்துவிடலாம். பார்க்காமலே திட்டுவது சுலபம், ஆனால் அதற்கு ஓர் ஆய்வு மாணவனைக் கூப்பிட வேண்டியதில்லை.

திருத்தணியில் பழைய கட்டடம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலைக்கோயில், 365 படிகள், சரவணப் பொய்கை. கொஞ்சம் படித்தவர்கள் 1888-ல் இங்கே பிறந்த ராதாகிருஷ்ணனின் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். நான் பேசப்போவது பள்ளிப்பட்டுக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் போகிற சாலைகளில், ஊருக்கு ஒன்றிரண்டாக இன்னும் மிச்சமிருக்கும் பழைய ஓட்டு வீடுகளைப் பற்றி. முன்பகுதியில் மளிகைக் கடை, பின்பகுதியில் குடும்பம். இரண்டுக்கும் ஒரே கூரை, ஒரே முதலாளி. இப்படிப்பட்ட வீடுகளை மூன்று வருடமாக அளந்து வரைந்துகொண்டிருக்கிறேன்.

தெருவிலிருந்து உள்ளே போவோம். முதலில் சாக்கடை, அதன்மேல் ஒரு கல் பலகை. பிறகு இரண்டு மூன்று படி. படிக்கு இருபுறமும் திண்ணை. கடை இல்லாத வீட்டில் இரண்டு திண்ணையும் உட்காரவும் படுக்கவும். கடை வைத்த வீட்டில் ஒரு திண்ணை அப்படியே இருக்கும், இன்னொரு திண்ணைமேல் கடை ஏறியிருக்கும். தூண்களுக்கு நடுவில் கீழே ஒரு கட்டை, மேலே ஒரு கட்டை, இரண்டிலும் காடி வெட்டியிருப்பார்கள். ராத்திரியானால் பலகைகளை ஒவ்வொன்றாக அந்தக் காடியில் செருகிக் கடையை மூடுவார்கள். பலகைகளின் பின்பக்கம் எண் போட்டிருக்கும். வரிசை மாறிவிட்டால் கடைசிப் பலகை உள்ளே போகாது. குறுக்கே ஓர் இரும்புப் பட்டை, அதில் பூட்டு. இரும்பு ஷட்டர் வந்த பிறகு இந்தப் பலகைகள் பரணுக்கும் கட்டிலுக்கும் போய்விட்டன. ஒரு வீட்டில் ஆறாம் எண் பலகைமேல் உட்கார்ந்துதான் எனக்கு டீ கொடுத்தார்கள்.

கடைக்காரர் திண்ணைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். வலது கைப்பக்கம் கல்லாப்பெட்டி. தலைக்கு மேலே தராசு. படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அவர் எழுந்திருக்கவே தேவையில்லாதபடி கடை அமைந்திருக்கும். இதை ஒரு வேலையிடமாகப் பார்த்தால் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான வடிவம்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். திண்ணை இடுப்பு உயரம். அதன்மேல் உட்கார்ந்திருப்பவரின் கண், தெருவில் நிற்கிறவரின் கண்ணைவிட மேலே இருக்கும். வாங்க வந்தவர் அண்ணாந்துதான் கேட்க வேண்டும். எந்தச் சாதிக்காரர் வந்தாலும் இந்த உயரம் ஒன்றுதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது.

அதற்கு முன்னால் கூரையைப் பற்றிக் கொஞ்சம். சாதாரண வீட்டுக்குப் பனை வாரை, நாட்டு ஓடு. வசதியானவர்கள் மச்சு வீடு கட்டினார்கள். பொறியாளர்கள் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். தேக்குக் கட்டைகளைக் குறுக்கே போட்டு, அவற்றின்மேல் செங்கல்லை நிறுத்திவைத்தாற்போலச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து பூசி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போடுவது. தளம் இறுகுவதற்குப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். பிறகு தட்டோடு பதிப்பார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும், வெயிலில் குளிர்ந்திருக்கும் என்று இன்றைக்குக் கட்டடக்கலைப் படிப்பில் பாடம் நடத்துகிறார்கள். பாடம் சரிதான். தட்டிய கை யாருடையது என்பது அந்தப் பாடத்தில் இல்லை.

காலனியில் ஒரு பாட்டி சொன்னார், அவருடைய அம்மா அந்த மச்சைத் தட்டியவர்களில் ஒருத்தி. "கூரைமேல பதினைஞ்சு நாள் குந்திக்கினு தட்டினாங்க. கூரை முடிஞ்சப்புறம் அதுக்கு அடியில ஒரு நாள் கூடப் போனதில்ல." கிரகப்பிரவேசத்துக்கு மாடு உள்ளே போனது. தளம் தட்டியவர்களுக்குத் தெருவில் சோறு போட்டார்கள்.

இது பழைய கதை, இப்போது சிமெண்டு வந்துவிட்டது என்று யாராவது நினைத்தால், நம் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். கல் அறுப்பவர்கள் இருளர் குடும்பங்கள், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் இந்த மாவட்டத்தின் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் ஆட்களை மீட்டுக்கொண்டிருந்தார்கள். நம் வீடுகளின் செங்கல் அங்கிருந்து வருகிறது.

இப்போது அந்த வித்தியாசத்துக்கு வருகிறேன். நான் அளந்த வீடுகளில் ஒன்றில், தெருவைப் பார்த்த முகப்பை வரைந்து முடித்துவிட்டுச் சந்துப் பக்கம் போனேன். சுவரில் மார்பளவு உயரத்தில் ஒரு சன்னல் இருந்த தடம். செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள், ஆனால் மேல் வளைவு தெரிகிறது. அடிக்கல் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் அது கடைக்காரர் உட்காரும் இடத்துக்குச் சரியாக இடது பக்கம். வெளிச்சத்துக்கு வைத்த சன்னல் என்றார் வீட்டுக்காரர். வெளிச்சத்துக்கு வைத்த சன்னலுக்கு எதற்குச் சரிந்த அடிக்கல் என்று எனக்குப் புரியவில்லை. காலனியில் ஒரு தாத்தாவைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"முன்னாடி இருக்குது பாரு, அது ஊர்க்காரங்க கடை. அந்தச் சன்னலுதான் நைனா எங்க கடை."

சந்து வழியாக வந்து அந்தச் சன்னலுக்குக் கீழே நின்று, "சாமி, ஆழாக்கு எண்ணெய்" என்று கூவ வேண்டும். ஊர்க்காரர்கள் வாங்கி முடிக்கும்வரை அந்தக் குரல் யாருக்கும் கேட்காது. காசைச் சன்னல் கல்லில் வைத்துவிட்டு நகர வேண்டும். உள்ளேயிருந்து தண்ணீர் தெளித்துக் காசை எடுப்பார்கள். அரிசியோ பருப்போ, அளந்து கல்லில் கொட்டினால் அது சரிந்து வந்து ஏந்திய துணியில் விழும். எண்ணெய் என்றால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். கை படாமல் வியாபாரம் நடக்க வேண்டும், வியாபாரமும் கெடக்கூடாது. அதற்கு ஒரு கொத்தனார் யோசித்து ஒரு கல்லைச் சாய்த்துவைத்திருக்கிறார். தீண்டாமை என்பது மனசில் இருக்கும் ஏதோ ஒரு நினைப்பு என்று சொல்கிறவர்களுக்கு அந்தக் கல்லைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. மனசில் இருப்பதற்குச் சரிவு தேவையில்லை.

எடை சரியாக இருந்ததா என்று தாத்தாவைக் கேட்டேன். சிரித்தார். சந்திலிருந்து பார்த்தால் தராசு தெரியாது. முகப்பில் நிற்பவருக்கு முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும், சந்தில் நிற்பவருக்குக் கடைக்காரரின் முழங்கைதான் தெரியும். நான் அந்த இடத்தில் நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி.

நம் வட்டாரம் இரண்டு மொழிக்காரர்களுடையது. திண்ணையைத் தெலுங்கில் அருகு என்பார்கள். இங்கே காலனி, சேரி. மேற்கே போனால் மாலவாட, மாதிகவாட. திருத்தணி யாருக்கு என்று பெரிய போராட்டம் நடந்தது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் பற்றி உங்களுக்குத் தெரியும். படாஸ்கர் குழுவின் முடிவுப்படி 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து நாம் சென்னை மாநிலத்துக்கு வந்தோம், செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தோம். அந்தப் போராட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. மொழி உரிமை பெரிய விஷயம். ஆனால் மாநில எல்லைக்கோடு வடக்கே நகர்ந்த அந்த வருடம், ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த கோடு ஓர் அடி கூட நகரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அந்தச் சன்னல் ஒரே உயரத்தில்தான் இருந்திருக்கும்.

சட்டம் இந்தக் கட்டடத்துக்குள் எப்படி நுழைந்தது என்று பார்ப்போம். என் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சட்டம் தெருவிலிருந்துதான் வந்தது, நாம் வந்த மாதிரியே. 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, அரசு அலுவலகம் எதிலும் எந்தச் சாதியாரும் தடையில்லாமல் போகலாம் என்பது அதன் சாரம். அரசு அதை ஆணையாக்கியது. ஆக, தெரு திறந்தது, காகிதத்திலாவது. தெருவில் நின்றுகொண்டிருக்கிறோம். அடுத்தது படி, திண்ணை, கடை.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் நடந்த இரண்டு நாட்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நவம்பர் 4 அன்று வரைவு அரசமைப்பை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை இந்த நாட்டின் அடிப்படை அலகாக ஏற்க மறுத்தார். அந்தப் பேச்சு எல்லாருக்கும் தெரியும், போஸ்டரில் கூடப் போடுகிறோம். நவம்பர் 29 அன்று நடந்தது அவ்வளவாகத் தெரியாது. கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகளில் யாரையும் தடுக்கக்கூடாது என்ற பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, கடை என்ற சொல்லில் என்னென்ன அடங்கும் என்று கேள்வி வந்தது. சலவைக் கடை அடங்குமா, முடிதிருத்தகம் அடங்குமா? அம்பேத்கர் கடை என்ற சொல்லை முடிந்த அளவுக்கு விரித்தார். தேடி வருகிறவருக்குச் சேவை கொடுக்க ஒருவர் தயாராக இருக்கும் இடம் எல்லாம் கடை. உள்ளே வர அனுமதிப்பதோடு அந்தச் சொல் முடிந்துவிடுவதில்லை, அந்தச் சேவையைக் கேட்டுப் பெறுவதும் அதில் அடங்கும். அதுதான் அவர் பதிலின் சாரம்.

கிராமத்தை மறுத்தவர், இருபத்தைந்து நாளில் கிராமத்தின் கடையைத் திறந்துவிட்டார். நான்கு சுவர், ஒரு கூரை, ஒரு கல்லாப்பெட்டி என்று யாரும் கடைக்கு வரையறை சொல்லியிருக்கலாம். அவர் கட்டடத்தை விட்டுவிட்டு, நடுவில் நடக்கும் கொடுக்கல் வாங்கலைப் பிடித்தார். முடி வெட்டாமல் மறுக்கப்பட்டவர்களின் வரலாற்றிலிருந்து வந்தவருக்குத்தான் இந்த வரையறை தோன்றும்.

அந்தப் பிரிவுதான் இன்றைய 15(2). பிறகு 1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். 1976-ல் அதைத் திருத்திக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். அதன் 6-வது பிரிவைத் தயவுசெய்து ஒரு முறை படியுங்கள். தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவருக்குப் பொருளை விற்க மறுத்தால் குற்றம். அதோடு நிற்கவில்லை. மற்றவர்களுக்கு விற்கிற அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளில் விற்க மறுத்தாலும் குற்றம். 'அதே இடத்தில்' என்ற அந்தச் சொல்லைப் பார்த்தபோது நான் சந்துச் சன்னலைத்தான் நினைத்தேன். அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குப் பக்கவாட்டுச் சன்னல்களைப் பற்றித் தெரிந்திருந்தது. 'அதே நேரத்தில்' என்றால், கூவிக்கொண்டே காத்திருந்ததும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1955-க்குப் பிறகு ஒரே நாளில் சன்னல் அடைபட்டுவிடவில்லை. தாத்தா சொல்வதைப் பார்த்தால், எல்லையெல்லாம் மாறி முடிந்து சில வருடம் கழித்துத்தான் செங்கல் வைத்தார்கள். அதற்குக் காரணம் போலீஸ் இல்லை. காலனிப் பையன்கள் இரண்டு பேர் மெட்ராஸில் வேலைக்குப் போய்த் திரும்பி வந்து, ரூபாய் நோட்டோடு முகப்பில் போய் நின்றிருக்கிறார்கள். ஒரு பெரிய சண்டை. ஒரு வாரம் காலனி முழுக்க அந்தக் கடைக்குப் போகவில்லை, திருத்தணிச் சந்தைக்கு நடந்து போய் வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கடைக்காரரே வந்து பேசினாராம். சட்டம் புத்தகத்தில் தயாராக இருந்தது. அதை எடுத்துப் படியேறுவதற்கு ஆள் வேண்டியிருந்தது, மெட்ராஸ் சம்பளமும் வேண்டியிருந்தது.

இங்கேதான் வீடும் கடையும் ஒரே கூரையில் இருப்பது முக்கியமாகிறது. கடை என்று சொன்னால் சட்டம் உள்ளே வரும். வீடு என்று சொன்னால் சட்டம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும். ஒரு கட்டடம் இரண்டுமாக இருந்தால், எது கடை எது வீடு என்று முடிவு செய்யும் அதிகாரம் முதலாளியிடம் இருக்கிறது. கடை இருக்கும் திண்ணை எல்லாருக்கும் பொது, எதிர்த் திண்ணை வீட்டைச் சேர்ந்தது, அதில் உட்காராதே. நான் அளந்த வீடுகள் சிலவற்றில் அந்த எதிர்த் திண்ணைக்குக் கம்பிக் கதவு போட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் நாய் படுக்கிறது, குடிகாரர்கள் படுக்கிறார்கள் என்கிறார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். எல்லாக் கம்பியும் சாதிக்காகப் போட்ட கம்பி என்று நான் சொல்லவரவில்லை. எந்த வருடம் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.

திண்ணையைப் பற்றி எழுதாத தமிழ் எழுத்தாளரே இல்லை போலிருக்கிறது. வழிப்போக்கன் படுத்துப் போக வீட்டுக்கு வெளியே இடம் விட்ட பண்பாடு என்று எழுதுகிறார்கள். எந்த வழிப்போக்கன் என்று எழுதுவதில்லை. பெரியார் சிறுவயதில் ஈரோட்டில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தாகம் எடுத்தால் வாத்தியார் வீட்டில் தண்ணீர் கேட்க வேண்டும். அந்த வீட்டுச் சிறுமி, அண்ணாந்து குடிக்கச் சொல்லி, குடித்த பாத்திரத்தின்மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவி எடுத்துப் போனதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மண்டி வைத்து நடத்திய பணக்கார வியாபாரியின் மகனுக்கே திண்ணை வரைக்கும்தான் அனுமதி. திண்ணைக்கும் எட்டாமல் சந்தில் நின்றவர்களைப் பற்றி அந்தக் கட்டுரைகளில் ஒரு வரி வராது.

சரி, பாரம்பரிய வீடுகளின் பட்டியலில் சேரி வீடு ஏன் ஒன்றுகூட இல்லை என்று உங்களில் ஒருவர் எனக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பதில் கட்டடக்கலையில் இல்லை, நில ஆவணத்தில் இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலத்துக்கு வழிசெய்த அறிக்கை என்பதால் நம் எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும். அதில் அவர் கவனித்த ஒன்று வீட்டுமனை. சேரி மக்கள் குடியிருக்கும் மனைகூட அவர்களுடையது இல்லை. மிராசுதார் நினைத்தால் காலி செய்யச் சொல்லலாம். அந்த மிரட்டலே கூலியைக் குறைவாக வைத்திருக்கப் போதும். நாளைக்குக் காலி செய்யச் சொன்னால் போக வேண்டிய மனையில் யாராவது தேக்குத் தூண் நடுவார்களா? மண்சுவரும் பனையோலையும்தான் புத்திசாலித்தனம். குடியிருக்கும் மனையைச் சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1971-ல். நூறு வருடப் பழைய வீட்டைத்தான் பாரம்பரியம் என்று கணக்கெடுப்போம் என்றால், நம் ஆட்கள் அந்தக் கணக்கில் வர 2071 ஆகும்.

அதற்குள் அந்த வீடுகள் நிற்க வேண்டும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிந்தது ஒரு கூரைக் குடிசைக்குள். தருமபுரியில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. அவற்றில் பல, பெங்களூருக்குக் கூலிக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய காரை வீடுகள். டி.வி.யும் பீரோவும் மோட்டார் சைக்கிளும் குறிபார்த்து எரிக்கப்பட்டன. குடிசை போய்க் காரை வீடு வந்தது பொறுக்கவில்லை. வீடு என்ற வடிவத்தின்மேல் இருக்கும் கோபத்தை என் துறையில் யாரும் பாடமாக வைக்கவில்லை.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது, போயிருப்பீர்கள். 1996-ல் திறந்தார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்கிரகார வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு என்று நிற்கின்றன. பழைய வீடுகளை அங்கங்கே பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். வேலைப்பாடு அருமை, இல்லாவிட்டால் இடித்து மரச்சாமான் கடைக்குப் போயிருக்கும். நான் அங்கே நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் தூணையும் ஓட்டையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவரலாம். அந்த வீட்டுக்கும் சேரிக்கும் நடுவே இருந்த தூரத்தை எந்த லாரியில் ஏற்றுவது? வணிகர் வீடும் குயவர் வீடும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது, பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு எல்லாரும் ஒரே தெருவில் ஒற்றுமையாக இருந்தார்கள் என்றுதான் தோன்றும்.

அந்தத் தூரம் இப்போது எங்கே போயிற்று? கடையில் தோற்ற சாதி வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று நான் நினைக்கிறேன். மளிகைக் கடையில் யார் வேண்டுமானாலும் பிஸ்கட் வாங்கலாம், அட்டையைத் தேய்த்துப் பணம் கட்டலாம். மேலே இருக்கும் மாடி வீட்டை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். நான் ஆய்வுக்குச் சேர்ந்த புதிதில் அறை தேடி அலைந்தபோது ஒரு வீட்டுக்காரர் என் படிப்பைக் கேட்டார், சம்பளத்தைக் கேட்டார், ஊரைக் கேட்டார், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த அறை அவருடைய மச்சானுக்குத் தேவைப்பட்டுவிட்டது. சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் நாகரிகமானவர்கள். குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-வது பிரிவில் எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டுவதையோ வாங்குவதையோ குடியேறுவதையோ தீண்டாமையின் பெயரால் தடுப்பது குற்றம் என்றும் இருக்கிறது. அந்த வரியை நம்பி வழக்குப் போட்ட ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. மச்சான் வருகிறார் என்று சொல்வதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இத்தனை நேரம் கடையில் வாங்குவதைப் பற்றியே பேசினேன். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் யார் உட்கார்வது? ஊர்த் தெருவில் காலனிக்காரர் ஒரு டீக்கடை வைத்தால் என்ன ஆகும் என்று அவரவர் ஊரை வைத்து யோசித்துக்கொள்ளுங்கள். யாரும் தடுக்கமாட்டார்கள். யாரும் வந்து குடிக்கவும்மாட்டார்கள். வாங்க மறுத்தவனைச் சட்டம் கேட்க முடியாது. கடையின் வரையறையை அம்பேத்கர் விரித்த அளவுக்கு விரித்த பிறகும் எட்டாத இடம் இது.

இவ்வளவும் ஏன் இன்றைக்குச் சொல்கிறேன் என்றால், அந்தச் சன்னல் வீடு இப்போது கைமாறாமலே உருமாறப் போகிறது. வாரிசு சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறார். இடிக்க மனமில்லை. கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கும்படி, திண்ணையும் முற்றமும் பலகைக் கதவும் பளிச்சென்று இருக்கும் பாரம்பரிய வீடாக மாற்றப்போகிறார். முகப்பில் பழைய மளிகைக் கடையை அப்படியே வைத்து, அதில் ஃபில்டர் காபி. என் வரைபடங்களைக் கேட்டார், கொடுத்தேன். வாசலில் வைக்க ஒரு தகவல் பலகை எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். அதில் சந்துச் சன்னலைப் பற்றி நான்கு வரி இருந்தது. அதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்கிறார். மோசமான மனிதர் இல்லை. விருந்தினர்கள் சங்கடப்படுவார்கள் என்பது அவர் கவலை. சந்துச் சுவருக்கு முழுக்கப் புதுப் பூச்சு போடும் திட்டமும் இருக்கிறது. போட்டால் அந்த வளைவும் சரிந்த கல்லும் மறைந்துவிடும்.

காலனியில் இதைப் பேசினோம். ஒரே கருத்து இல்லை. அந்த வீட்டை இடித்தால்தான் என்ன, அவமானத்தைச் சுண்ணாம்பு அடித்துக் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்ட தம்பிகள் இருக்கிறார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. தன் பாட்டி துணியை ஏந்தி நின்ற இடத்தை எவனோ செல்ஃபி எடுப்பதற்கு ஏன் விட வேண்டும் என்று ஒரு தங்கை கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தாத்தா வேறு மாதிரி சொன்னார். "சன்னலத் திறக்க வேணாம். அடைச்சது நாங்க சண்டை போட்டதாலதான். அடைச்சபடியே இருக்கட்டும். ஏன் அடைச்சாங்கன்னு எழுதி வை."

நான் அவர் பக்கம். அந்தச் செங்கல் அடைப்புதான் அந்த வீட்டிலேயே மதிப்புள்ள கட்டட வேலை என்பது என் கணிப்பு, தேக்குத் தூணைவிடவும். ஆனால் வீடு அவருடையது, பலகையும் அவருடையது. வீட்டு முதலாளியின் சுவரில் நம் வரலாற்றை எழுத அனுமதி கேட்டுக்கொண்டிருப்பதும் சந்தில் நின்று கூவுவது மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் அவர் ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் பூச்சு வேலை தொடங்குமுன் நாம் செய்ய வேண்டியது இருக்கிறது. சந்து பொதுச் சந்து, 1924-லிருந்து நம்முடையது. அங்கே நின்று அளக்க யாரிடமும் கேட்க வேண்டாம். சன்னலின் உயரம், அகலம், கல்லின் சரிவு, அங்கிருந்து காலனி முதல் வீடு வரை எத்தனை அடி என்பதெல்லாம் வேண்டும். எண்பது வயதைத் தாண்டியவர்கள் காலனியில் நான்கு பேர்தான் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் அந்த இடத்தில் எப்படி நின்றார்கள், பாத்திரத்தை எங்கே வைத்தார்கள் என்று அவர்களே நின்று காட்டிப் பதிவு செய்ய வேண்டும், அவர்கள் சம்மதித்தால். அந்த ஒரு வாரம் திருத்தணிச் சந்தைக்கு யார் யார் நடந்தார்கள், எந்த வழியாக நடந்தார்கள் என்பதையும். வரைபடம் காலனி நூலகத்தில் இருக்கட்டும்.

அடுத்த மாதம் பூச்சு வேலை என்று கேள்விப்பட்டேன். என்னிடம் இரண்டு அளவு நாடா இருக்கிறது. கல்லின் சரிவை அளக்கக் கொத்தனாரின் மட்டப்பலகை வேண்டும், யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள். வருகிற ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் போகலாம். ஏழு மணிக்குப் பேருந்து நிலையத்தில் இருப்பேன்.

இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.